முட்டுக்கட்டையின் பெருமை

தமிழில் ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லுக்கு இக்காலத்தில் நல்ல பெயர் இல்லை. நற்காரியம் ஒன்று நடைபெறாது இடையில் நின்றுவிட்டால், அதற்கு முட்டுக்கட்டை போட்டவர் யார் என்று தேடுவது உலக வழக்கம். ஆயினும் தேரோடும் வீதியிலே இச்சொல்லுக்கு வேறு மதிப்பு உண்டு. தேர் அசைந்து வரும்போது அதன் சில்லுகளுக்கு அருகே கையிற் கட்டைகளுடன் சிலர் நடந்து வருவர். வடம் பிடிப்போர் பலர். கட்டை பிடிப்போர் மிகச் சிலர். தேரை ஓடச் செய்வது வடம். நிற்கச் செய்வது கட்டை. பாரமான ஒன்றை ஓட்டுவதிலும் பார்க்க அதனை நிறுத்துவதே அரிய கலை என்பதைத் தேர் கண்டவர்கள் அறிவார்கள்.

இந்தக் கலையை ஒவ்வொரு மாலைப்பொழுதிலும் பயின்றாக வேண்டிய ஒரு கூட்டத்தார் மேல்நாடுகளில் இருக்கின்றனர். வீட்டையே மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி, மலையும் காடும் காணப் புறப்படும் உல்லாசப் பிரயாணிகள் அவர்கள். அமெரிக்காவில் ‘ட்ராவல் ட்ரெயிலர்’ என்றும், பிரித்தானியாவில் ‘கரவன்’ என்றும் வழங்கும் அந்த ஊர்தியை இழுவை வீடு என்று அழைக்கலாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அதற்குத் தானே ஓடும் இயந்திரம் இல்லை. நடுப்பகுதியை அண்டி இரண்டு அல்லது நான்கு சில்லுகள். முன்னால் மாட்டுவண்டியின் ஏர்க்கால் போல நீண்ட ஓர் இரும்புச் சட்டம். அதன் நுனியில் ஒரு கொளுவி. மோட்டார் வண்டியின் பின்புறத்தில் உள்ள இரும்புக் குண்டின்மீது அந்தக் கொளுவி கவிந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்க வழக்கில் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையான பங்கு அந்தக் குண்டின்மீது அமரும். எஞ்சிய பாரம் முழுவதையும் சில்லுகள் தாங்கும்.

இந்த வழக்கம் மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவரும், சிறுவர் கதைகள் பல எழுதியவருமான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், 1885ஆம் ஆண்டில் ‘வாண்டரர்’ என்னும் வண்டிவீட்டிலே, இரண்டு குதிரைகள் இழுக்க, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வெர்னெஸ் நகர்வரை பிரயாணஞ் செய்தார். அக்காலத்துக் குதிரை வண்டிகள் மேட்டில் ஏறும்போது பின்சில்லின் பின்னே ஒரு மர உருளை சங்கிலியிற் தொங்கியபடி உருண்டு வரும். குதிரை களைத்து நின்றால், வண்டி பின்னோக்கிச் சரியாமல் அவ்வுருளை தடுத்துக்கொள்ளும். பின்னர் குதிரைகள் போயின, மோட்டார் வந்தது. அமெரிக்காவிலே வாலி பையம் என்பவர் 1930களில் வெள்ளிபோல் மின்னும் அலுமினிய இழுவை வீடுகளைச் செய்து புகழ்பெற்றார். 1959இல் தொடங்கி மறு ஆண்டில் முடிந்த ஒரு பெரும் பயணத்தில், அத்தகைய வீடுகள் நாற்பத்தொன்றை அவர் ஆபிரிக்காவின் தென்கோடியை அண்டிய கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை நடத்திச் சென்றார். வீடு மாறிற்று, இழுப்பது மாறிற்று, சில்லுக்கு அணையிட வேண்டிய கடமை மட்டும் மாறவில்லை.

அக்கடமை எங்கே தொடங்குகிறது? பிரயாணம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எண்ணும் அந்த வேளையிலேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மலைப்பகுதியொன்றில் மாலை மங்கும் நேரம். ஒரு குடும்பம் நாள் முழுவதும் ஓடிக் களைத்துத் தங்குமிடத்தை வந்தடைகிறது. பிள்ளைகளுக்குப் பசி. தாயாருக்கு அடுப்பைப் பற்றவைக்கும் அவசரம். தந்தையாருக்கோ, வண்டியைக் கழற்றி விட்டுக் கைகால் நீட்டிப் படுத்தால் போதும் என்ற எண்ணம். கதவு திறந்ததும் பிள்ளைகள் இறங்கி வீட்டைச் சுற்றி ஓடத் தொடங்குகின்றனர். நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் விழிப்பாய் இருந்த மனம் தளர்கின்ற கணம் அது. ஆபத்து காத்திருப்பதும் அந்தக் கணத்தில்தான்.

தங்குமிடத்து நிலம் பார்வைக்குச் சமமாகத் தோன்றலாம். ஆனால் மழைநீர் தேங்காது வழிந்தோட வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் சிறிது சரிவு விட்டே அதனை அமைப்பர். மோட்டார் வண்டியுடன் கொளுவி இருக்கும்வரை அவ்வண்டியின் பிரேக் இழுவை வீட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். கொளுவி கழன்ற பின்னரோ, அதனைப் பிடிக்க யாரும் இல்லை. அமெரிக்க இழுவை வீடுகளின் சில்லுகளில் பிரேக் உண்டு. ஆனால் அது முன்வண்டியிலிருந்து வரும் மின்சாரத்தால் இயங்குவது. இணைப்பு நீங்கினால் பிரேக்கும் நீங்கிவிடும். கைப்பிரேக் என்பது அவற்றில் பெரும்பாலும் இல்லை. பிரித்தானியக் கரவன்களில் கைப்பிரேக் உண்டெனினும், மேட்டை நோக்கி நிற்கும் கரவன் சிறிது பின்னோக்கி உருண்ட பின்னரே அது இறுகப் பிடிப்பதும் உண்டு. ஆதலின் இரு நாட்டாருக்கும் கட்டை வேண்டியதே.

சிறிது சரிவு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கணக்கு விடை சொல்லும். 5,000 இறாத்தல் நிறையுள்ள ஓர் இழுவை வீடு, இருபது அடிக்கு ஓரடி தாழும் சரிவிலே நிற்கிறது என்று கொள்வோம். அந்நிறையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 250 இறாத்தல் விசை, அதனைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். கெட்டியான தரையிலே காற்று நிறைந்த ரயர்கள் உருள்வதற்குக் காட்டும் எதிர்ப்போ நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. ஐம்பது இறாத்தல் என்று வைக்கலாம். எஞ்சிய 200 இறாத்தல் விசை அதனை உருட்டும். முதல் ஐந்து விநாடியில் அது ஏறத்தாழப் பதினாறு அடி நகரும். அந்த அளவில் அது மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டிவிடும். பத்தாவது விநாடி முடிவில் அறுபத்து நான்கு அடி சென்று, மனிதன் ஓடும் வேகத்தை எட்டியிருக்கும். ஓடிப்போய்க் கையால் பிடித்து நிறுத்த முயல்வது, தேரை மார்பால் தடுக்க முயல்வதற்கு ஒப்பாகும். அதன் வழியில் நிற்பது ஒரு மரமாகவும் இருக்கலாம்; ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

எனவே அனுபவசாலிகள் ஓர் ஒழுங்குமுறையை வகுத்திருக்கின்றனர். முதலில் பக்கவாட்டு மட்டம், அடுத்துக் கட்டை, அதன் பின்னரே கழற்றுதல், பின் முன்பின் மட்டம், இறுதியாக மூலைத் தாங்கிகள். இந்த ஐந்தும் இதே வரிசையில் நிகழ வேண்டும். வரிசை பிறழ்ந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகச் செய்யப்பட்டிருந்தாலும் பயனில்லை.

பக்கவாட்டு மட்டம் முதலில் வருவதற்குக் காரணம் எளிது. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அப்பக்கத்துச் சில்லைப் பலகையின்மீது ஏற்றியே அதை உயர்த்த வேண்டும். சில்லை ஏற்றுவதற்கு வீட்டை நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு முன்வண்டி கொளுவியபடி இருக்க வேண்டும். கழற்றிய பின்னர் வலம் இடம் சரியில்லை என்று கண்டால், மீண்டும் கொளுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

எத்தனை பலகை வேண்டும் என்பதையும் ஊகத்துக்கு விடவேண்டியதில்லை. மேசன்மார் கையாளும், குமிழி ஓடும் நீர்மட்டக் கோல் ஒன்று போதும். இரண்டடி நீளமான கோலை வீட்டின் தரையிலே குறுக்காக வைத்தால் குமிழி உயர்ந்த பக்கத்தை நோக்கிச் செல்லும். தாழ்ந்த பக்கத்து நுனியை மெல்ல உயர்த்தி, குமிழி நடுவுக்கு வந்ததும், நுனிக்கும் தரைக்கும் இடையிலுள்ள வெளியை அளக்க வேண்டும். அது அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டடிக்கு அரை அங்குலம் சரிவு என்பது பொருள். இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையே ஆறடி இருந்தால், தாழ்ந்த பக்கத்தை ஒன்றரை அங்குலம் உயர்த்த வேண்டும். அமெரிக்க மரக்கடைகளில் இரண்டங்குலப் பலகை என்று விற்கப்படுவது, சீவி இழைத்த பின் ஒன்றரை அங்குலத் தடிப்பே உடையது. ஆகவே ஒரே பலகை போதும். இன்று கைத்தொலைபேசியே மட்டம் காட்டுகின்றது; ஏறிச் செல்ல வசதியாக வளைந்த ஏற்றிகளும் கடைகளில் உண்டு. கருவி எதுவாயினும் கணக்கு ஒன்றே.

பலகையில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ரயரின் அகலம் முழுவதும் பலகைமீது படிந்திருக்க வேண்டும். ஓரம் வெளியே தொங்கினால் பாரம் ஒருபுறம் குவிந்து ரயரின் உட்பின்னல் சேதமுறும். நான்கு சில்லு வண்டியாயின், அந்தப் பக்கத்து இரு சில்லுகளின் கீழும் பலகை வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால், இருவர் சுமக்க வேண்டியதை ஒருவன் சுமந்த கதையாகும். சைகை காட்டும் துணைவர் சாரதியின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். சில்லின் வழியில் ஒருபோதும் நிற்கலாகாது. பிள்ளைகள் இவ்வேளையில் ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். பசி பத்து நிமிடம் பொறுக்கும்.

இப்போது கட்டையின் முறை. முன்வண்டி இன்னும் கொளுவியபடியே இருக்கின்றது, அதுதான் முக்கியம். இடப்பக்கத்துச் சில்லுக்கு முன்னும் பின்னும், வலப்பக்கத்துச் சில்லுக்கு முன்னும் பின்னுமாக நான்கு கட்டைகள் வேண்டும். சரிவு ஒரு பக்கமே என்று எண்ணி இரண்டோடு நிறுத்துவோர் உண்டு. ஆனால் ஏர்க்காலை உயர்த்தும்போதும் தாழ்த்தும்போதும் வீடு எப்பக்கமும் சிறிது அசையக்கூடும். கட்டை ரயரின் நடுப்பகுதியில் நேராக முட்டி நிற்க வேண்டும். சாய்வாக வைத்தால் ரயர் அதனை ஒதுக்கித் தள்ளிவிடும். கட்டைக்கும் ரயருக்கும் இடையே விரல் நுழையும் வெளியும் ஆகாது. வெளியிருந்தால் வீடு உருளத் தொடங்கிய வேகத்தோடு கட்டையை மோதும். பாரமான இறப்பர்க் கட்டைகள் சிறந்தவை. உள்ளீடற்ற இலேசான பிளாஸ்டிக் கட்டைகள் நனைந்த தரையில் வழுக்கிச் செல்வதுண்டு. வழியிற் கிடந்த கல்லை எடுத்து வைப்பது எல்லாவற்றிலும் கேடு; உருண்டைக் கல் தானும் உருளும், மென்மையான கல் நொறுங்கும். நான்கு சில்லு வண்டிகளில் இரு ரயர்களுக்கும் இடையில் வைத்து விரித்து இறுக்கும் ஒருவகைப் பூட்டும் வழக்கில் உண்டு. உள்ளே நடக்கும்போது வீடு ஆடுவதை அது நன்கு குறைக்கும். எனினும் இரவுக் குளிரில் ரயரின் காற்று சுருங்கும்போது அது தளர்ந்துவிடும். அது கட்டைக்குத் துணையே அன்றிக் கட்டைக்குப் பதில் அன்று.

மூன்றாவது படி கழற்றுதல். ஏர்க்காலின் முன்புறத்தில் ஒரு ஜாக்கி உண்டு. அதன் பாதம் மென்மையான மண்ணில் புதையாதிருக்க, அடியில் அகலமான பலகையை இட்டு, பின் கொளுவியின் பூட்டைத் திறந்து, ஜாக்கியைச் சுழற்ற, ஏர்க்கால் உயர்ந்து குண்டைவிட்டு நீங்கும். நீங்குகின்ற அக்கணத்தில் வீடு ஓரங்குலம் அசைந்து கட்டைகளின்மீது சாய்ந்து அமரும். அந்த அசைவு நின்றதா, கட்டைகள் நிலைத்தனவா என்று கண்ணால் பார்த்த பின்னரே பாதுகாப்புச் சங்கிலிகளைக் கழற்ற வேண்டும். ஒருகால் கட்டை வழுக்கினும், சங்கிலி அவ்வீட்டை முன்வண்டியோடு பிணைத்து வைக்கும். கட்டை தவறி வீடு உருளுமானால், ஜாக்கி தன் பலகையிலிருந்து சாய்ந்து விழும். ஏர்க்கால் அதனோடு தரையில் மோதும். அதன் கீழே ஒரு பாதமோ கையோ இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கியை மாத்திரம் நம்பி வீட்டின் அடியில் நுழைவதை எவரும் செய்யலாகாது.

இவ்விடத்தில் ஒரு தவறான சாமர்த்தியத்தையும் குறிப்பிடல் வேண்டும். ஓடும்போது கொளுவி அறுந்து வீடு தனியே பிரிந்தால், ஒரு கம்பி இழுபட்டு, வீட்டிலுள்ள மின்கலத்தினால் பிரேக் தானே இறுகும்படி ஓர் ஏற்பாடு உண்டு. சிலர் தங்குமிடத்தில் அந்தக் கம்பியைக் கையால் இழுத்து விட்டு, பிரேக் போட்டாயிற்று என்று நிம்மதி கொள்வர். அந்தப் பிரேக் மின்கலத்தின் பலம் உள்ளவரையே பிடிக்கும். மின்கலம் தீர்ந்ததும் ஓசையின்றி விட்டுவிடும். அது நள்ளிரவாகவும் இருக்கலாம். உள்ளே எல்லாரும் உறங்கிக்கொண்டும் இருக்கலாம். மரக்கட்டைக்கோ இறப்பர்க் கட்டைக்கோ மின்சாரம் தேவையில்லை. அது உறங்குவதும் இல்லை.

முன்வண்டி அகன்ற பின் முன்பின் மட்டம். நீர்மட்டக் கோலை இப்போது நெடுக்காக வைத்து, ஜாக்கியைச் சுழற்றி, ஏர்க்காலை உயர்த்தியோ தாழ்த்தியோ குமிழியை நடுவுக்குக் கொண்டுவரலாம். இது எளிய வேலை. பலகையும் வேண்டாம், நகர்த்தலும் வேண்டாம். இறுதியில் நான்கு மூலைகளிலும் உள்ள தாங்கிகளைத் தரையில் படும்வரை இறக்கி, சற்று இறுக்கினால் போதும். அவை வீட்டை ஆடாமல் வைக்கப் பிறந்தவையே அன்றித் தூக்கப் பிறந்தவை அல்ல. குறைந்த மட்டத்தை அவற்றால் நிமிர்த்த முயன்றால் அடிச்சட்டம் முறுகும். கதவு நிலையில் இறுகித் திறவாது போகும். இன்னும் கொடிது யாதெனில், சில்லுகள்மீதுள்ள பாரம் குறையக் குறையக் கட்டைகளின் பிடியும் குறையும். தரையைவிட்டு எழுந்த சில்லுக்குக் கட்டை இட்டும் பயன் இல்லை.

மட்டம் என்பது உறக்கத்தின் சுகத்துக்காக மட்டும் அன்று. பல இழுவை வீடுகளில் எரிவாயுவால் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி உண்டு. 1922இல் சுவீடன் நாட்டுப் பொறியியல் மாணவர்களான பால்சர் வொன் பிளாற்றன், கார்ள் மூன்ரர்ஸ் ஆகிய இருவர் கண்ட முறை அது. அமோனியா, நீர், ஐதரசன் வாயு ஆகியவை மூடிய குழாய்களினுள் சுற்றிவரும். அவற்றை ஓட்டப் பம்பி இல்லை. சூடாகி மேலெழுந்து, குளிர்ந்து கீழிறங்கும் இயற்கையே அங்கு வேலை செய்கிறது. வீடு மிகவும் சரிந்து நின்றால், கீழிறங்க வேண்டிய திரவம் வழியில் தேங்கும். அடுப்பு எரியும் பகுதி வெறுமையாகி அளவுக்கு மேல் சூடேறும். நாளடைவில் குழாய் அடைபட்டோ வெடித்தோ கெடும். சில வேளைகளில் தீயும் மூளலாம். பல மாதிரிகளுக்கு ஒரு திசையில் மூன்று பாகை, மறு திசையில் ஆறு பாகை என்று செய்தவர்களே எல்லை குறித்திருக்கின்றனர். புதிய வீடுகள் பலவற்றில் மின்விசையால் இயங்கும் பெட்டி வந்திருக்கிறது. அதற்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆயினும் தண்ணீர் வடிவதற்கும், தாங்கியின் அளவு சரியாகத் தெரிவதற்கும், கதவு தானே ஆடாதிருப்பதற்கும் மட்டம் வேண்டியதே.

விலையுயர்ந்த சில வீடுகளில் பொத்தானை அழுத்தினால் மோட்டார்களே வீட்டை மட்டமாக்கிவிடுகின்றன. அங்கும் கட்டையை முதலில் இடுவதே முறை. இரவில் மழை பெய்தால், காலையில் பலகை மண்ணில் இறங்கியிருக்கிறதா, கட்டை தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தல் நன்று.

புறப்படும் நாளில் இந்த ஒழுங்கு தலைகீழாகும். மூலைத் தாங்கிகள் முதலில் எழும், ஏர்க்கால் குண்டின்மீது இறங்கும், பூட்டு விழும், சங்கிலியும் மின்கம்பியும் இணையும். அதன் பின்னும் ஒரு சோதனை உண்டு. ஜாக்கியால் ஏர்க்காலைச் சிறிது உயர்த்தினால் முன்வண்டியின் பின்புறமும் கூடவே உயர வேண்டும். உயர்ந்தால் பூட்டு உண்மையில் பிடித்திருக்கிறது. இவ்வளவும் நிறைவேறிய பின்னரே கட்டைகளுக்கு விடுதலை. வந்த அன்று கொளுவி கழலும் முன் கட்டை விழுந்தது. போகும் அன்று கொளுவி பூட்டிய பின் கட்டை எழுகின்றது. வீட்டைப் பிடிக்க வேறொரு கை வந்து சேரும்வரை முதற்கை விடலாகாது என்பதே இதன் முழுச் சூத்திரமும் ஆகும்.

நான்கு கட்டைகளுக்கும் சில பலகைகளுக்கும் ஆகும் செலவு சொற்பம். அவற்றை இடுவதற்கு வேண்டிய நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் களைப்பும் பசியும் அவசரமும் கேட்டு நிற்கும். கொடாதிருப்பதே குடும்பத் தலைவனின் பொறுப்பு. தேர் இருப்பிடம் சேர்ந்ததும் வடம் பிடித்தோர் கலைந்து செல்வர். கட்டை பிடித்தோர் மட்டும் சில்லின் அடியைக் குனிந்து பார்த்து, கட்டை இறுகியதை உறுதிசெய்துகொண்டே வீடு திரும்புவர். தொலைதூரத்து மலைச்சாரலில், பிள்ளைகளை உள்ளே உறங்க வைத்துவிட்டு, விளக்கோடு ஒருமுறை சில்லுகளைச் சுற்றிவரும் தந்தையும் அவர்களுடைய இனத்தைச் சேர்ந்தவரே.